அமெரிக்காவில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிரயாணம்

ரயில் பிரயாணத்தில் இரண்டு வகை உண்டு. ஊர் போய்ச் சேருவதற்காகச் செய்வது ஒன்று. பிரயாணத்துக்காகவே செய்வது மற்றொன்று. உபாத்தியாயர் சம்பளத்தில் முதல் வகையே பெரும்பாடாயிருக்க, இரண்டாவது வகையை, அதுவும் அமெரிக்க தேசத்தில், நாம் எவ்விதம் மேற்கொண்டோம் என்று நேயர்கள் ஆச்சரியப்படலாம். சிக்காகோவில் உத்தியோகமாயிருக்கும் நம் மைத்துனர்தான் அதற்குக் காரணம். 2013-ம் வருஷத்துக் கோடை விடுமுறையில், நமக்கும் நம் இல்லாளுக்கும் விமான டிக்கெட் வாங்கி அனுப்பித் தம் வீட்டுக்கு வரவழைத்தார். வந்த இடத்தில், ஸான்பிரான்ஸிஸ்கோ பக்கத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணாக்கன் ஒருவன், "இங்கேயும் வந்துவிட்டுத்தான் போக வேண்டும், ஸார்!" என்று பிடிவாதம் பிடித்தான்.

"விமானத்தில் நாலரை மணி நேரம். காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்" என்றார் மைத்துனர்.

"ரயிலில்?" என்று கேட்டோம்.

"ஐம்பத்திரண்டு மணி நேரம்! இந்த ஊரில் ரயிலில் யார் போகிறார்கள், அத்தான்?"

"யார் போகிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறோம்" என்றோம்.

இவ்வாறு வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைக்கு எவ்வளவு பெரிய விடை கிடைக்கப் போகிறது என்பது அப்போது நமக்குத் தெரியாது.

அந்த தேசத்து ரயிலில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் கிடையாது. படுக்கை அறை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு ஜாதி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவு பகலாகப் போகிறவர்கள் மற்றொரு ஜாதி. இரண்டாவதற்குக் 'கோச்' என்று பெயர். பெயர் எதுவானால் என்ன? கடைசி வகுப்பு கடைசி வகுப்புத்தானே? நம் நாட்டிலும் 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்றே தவிரக் கூட்டம் போகவில்லை! ஆகையால் பழைய வழக்கத்தை விடாமல் நாமும் அதை மூன்றாம் வகுப்பு என்றே குறிப்பிடுவோம்.

வண்டியின் பெயர் 'காலிபோர்னியா ஸெபிர்'. ஸெபிர் என்றால் மேல்காற்று. பெயருக்கேற்ற பரம்பரையைச் சேர்ந்தது அது. சிக்காகோவிலுள்ள விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையில், வெள்ளிப் பாத்திரம்போல் பளபளக்கும் ஒரு பழைய ரயிலை வைத்திருக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகினால் செய்து டீஸல் யந்திரம் பூட்டிய அந்த ரயில், 1934-ம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி டென்வர் நகரத்தில் புறப்பட்டு, வழியில் எங்கும் நிற்காமல், ஆயிரத்துப் பதினைந்து மைல் தூரத்தைப் பதின்மூன்று மணி ஐந்து நிமிஷத்தில் கடந்து சிக்காகோ வந்து சேர்ந்தது. அமெரிக்க ஜனங்கள் பொருளாதார மந்தத்தில் சிக்கி வேலையில்லாமல் தவித்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் அந்த வெள்ளி ரயில் அவர்களுக்கு ஒரு புது நம்பிக்கையைப் போல் தோன்றியதாம்.

அதன்பின் இருபது வருஷ காலம் அமெரிக்க ரயில்களுக்குப் பொற்காலம் என்று சொல்லலாம். கூரைமேல் கண்ணாடிக் கோபுரம் வைத்த வண்டிகள் 1945-ல் தோன்றின. 1949-ல் முதல் காலிபோர்னியா ஸெபிர் ஓடத் தொடங்கியது. மலைகளெல்லாம் பகலில் வரும்படி அதற்குக் கால அட்டவணை போட்டிருந்தார்கள்! மூன்றாம் வகுப்பாருக்கும் அந்தக் காலத்தில் கௌரவம் இருந்தது. சிக்காகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு 1938-ல் விடப்பட்ட 'எல் காப்பிடன்' என்ற துரித வண்டியில் படுக்கை அறையே கிடையாது, முழுவதும் நாற்காலிதான்.

பிறகு மோட்டார் வந்தது; 1956-ல் சட்டம் செய்து தேசமெங்கும் பெருஞ்சாலை போட்டார்கள்; ஜெட் விமானம் பறந்தது; 1967-ல் ரயிலிலிருந்து தபால் மூட்டைகளும் பெரும்பாலும் இறங்கிவிட்டன. 1970-ல் பழைய ஸெபிர் நின்றுபோயிற்று. மிஞ்சியிருந்த பிரயாணி வண்டிகளில் பெரும்பாலானவற்றை 1971-ம் வருஷம் மே முதல் தேதி 'ஆம்ட்ராக்' என்ற பொது ஸ்தாபனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. அதன் நிர்வாகத்தில் மறுபிறவி எடுத்த ஸெபிரில்தான் நாம் ஏறினோம்.

சிக்காகோவின் யூனியன் ஸ்டேஷன் 1925-ல் கட்டி முடித்தது. மண்டபத்தின் உயரத்தைப் பார்த்தால், ரயிலேற வந்தோமா, கோயிலுக்கு வந்தோமா என்று சந்தேகம் உண்டாகும். நீளமான மர பெஞ்சுகளில் ஜனங்கள் காத்திருந்தார்கள். நம் இல்லாளின் கையில் ஒரு தகர டப்பா. அதற்குள் இரண்டு நாளைக்குக் கெடாத புளியோதரை. "அமெரிக்காவுக்கு வந்தும் இதுதானா?" என்று கேட்டதற்கு, "நாளை மத்தியானம் பசிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. மாடி வைத்த வண்டி. மேல் தட்டில் வரிசைக்கு நான்கு நாற்காலி, பக்கத்துக்கு இரண்டு. நாற்காலியைச் சாய்க்கலாம், காலைத் தாங்கப் பலகை இருக்கிறது, நம் ஊர் மூன்றாம் வகுப்பில் எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். கண்டக்டர் வந்து டிக்கெட்டைச் சோதித்து, நாம் இறங்கும் ஊரைக் குறித்த ஒரு சிறு சீட்டைத் தலைக்குமேல் செருகிவிட்டுப் போனார். அந்தச் சீட்டுத்தான் நமக்கும் நாற்காலிக்கும் உள்ள சம்பந்தத்துக்கு அத்தாட்சி.

நடைபாதைக்கு அப்பால், ஜன்னலோரத்து நாற்காலியில், எண்பது வயதை நெருங்கிய கறுப்பு இனத்து மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். தலையில் நீல நிறத் தொப்பி. மடியில், செருப்புக் கடையில் கொடுக்கும் காகித அட்டைப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியை அவர் மேலே வைக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாயிருந்தது. நம் இல்லாளைப் பார்த்து அவர் புன்னகை புரிந்தார். இல்லாளும் புன்னகை புரிந்தாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

சாயங்காலம் மிஸிஸிப்பி நதியைக் கடந்தோம். காவேரியை அகண்ட காவேரியாகப் பார்த்தவர்களுக்குக்கூட அந்த அகலம் மலைப்பைத் தரும். அப்பால் அயோவா மாகாணத்து வயல்கள். உழுது வைத்த கறுப்பு மண்ணில் சோளம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. இரவு போஜன வண்டியில் முன்பின் தெரியாத நான்கு பேரை ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். எதிரே இருந்த விவசாயி, நாம் மாமிசம் உண்பதில்லை என்று கேட்டதும் மிகவும் அனுதாபப்பட்டுத் தம்முடைய சுட்ட உருளைக்கிழங்கையும் நம் தட்டில் வைத்துவிட்டார். பத்து மணிக்கு விளக்குகளைத் தணித்தார்கள். நாற்காலியில் சாய்ந்து உறங்கினோம். ஒமாஹாவில் யாரோ ஏறியதும், லிங்கனில் யாரோ இறங்கியதும் கனவுபோல் இருந்தது.

மறுநாள் காலை டென்வர். இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

டென்வரில் கூட்டம் அதிகம். கடைசியாக ஓர் இளம் தாயார் நாலு வயதுப் பையனை இழுத்துக்கொண்டு ஏறினாள். சேர்ந்தாற்போல் இரண்டு நாற்காலி எங்கும் இல்லை. கண்டக்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நம் எதிர்ப் பக்கத்து மூதாட்டியிடம் வந்து, மிகவும் மரியாதையாகவே, "அம்மா! தாங்கள் அடுத்த வண்டிக்கு மாறிக்கொண்டால் இந்தத் தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்காரலாம். பெட்டிகளை நானே கொண்டுவந்து வைக்கிறேன்" என்றார்.

மூதாட்டி ஜன்னலைப் பார்த்தபடியே, "மாட்டேன்" என்றார்.

"அங்கேயும் ஜன்னலோரம்தான், அம்மா."

"இந்த நாற்காலிக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன். எழுந்திருக்க மாட்டேன்."

கண்டக்டர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. உண்மையை மறைப்பானேன்? நாமும் மனத்துக்குள் முணுமுணுத்தோம். 'வயதான காலத்தில் இவ்வளவு பிடிவாதமா? குழந்தைக்காகக்கூட இரங்காத நெஞ்சா?' என்று எண்ணினோம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தியாகத்தைப் பற்றிப் பாடம் சொன்ன பெருமை உள்ளே பொங்கி எழுந்தது. உடனே நாம் எழுந்து, "நம்முடைய இடத்தை எடுத்துக்கொள்ளட்டும்" என்றோம். இல்லாள் நகர்ந்து மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாயும் பிள்ளையும் எங்கள் ஆசனங்களில் அமர்ந்தார்கள். நாம் அடுத்த வண்டிக்குப் போனோம். போகும்போது நாலு பேர் நம்மைப் பாராட்டும் பாவனையில் பார்த்தார்கள். நமக்கும் அது பிடித்தே இருந்தது.

வண்டி ராக்கி மலைமேல் ஏறத் தொடங்கியது. வளைந்து வளைந்து, இருபதுக்கு மேற்பட்ட சுரங்கங்களில் புகுந்து புகுந்து ஏறுகிறது. முன்னால் போகும் எஞ்சினைப் பின்னால் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். கடைசியில் மாபட் சுரங்கம் வந்தது. ஆறு மைலுக்கு மேல் நீளம், 1928-ல் திறந்தது, கடல் மட்டத்துக்குச் சுமார் ஒன்பதாயிரத்து இருநூறு அடி உயரம். அதற்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கி ஓடும். அந்தப் பக்கம் பெய்வது பஸிபிக் சமுத்திரத்தை நோக்கி ஓடும். எஞ்சின் புகை உள்ளே வரக்கூடாது என்பதற்காக, சுரங்கத்தைக் கடக்கும் வரையில் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு யாரும் போகக்கூடாது என்று அறிவித்தார்கள். சுமார் பத்து நிமிஷம், வெளியே ஒரே கன்னங்கரேல்.

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தபின், காட்சி வண்டிக்குப் போனோம். அதில் ஜன்னல் கண்ணாடிகள் கூரை வரையில் வளைந்து போகின்றன. சற்று நேரத்தில் இல்லாளும் அங்கே வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தப் பாட்டியைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டாள்.

நினைத்ததைச் சொன்னோம்.

"நானும் அப்படித்தான் நினைத்தேன். சுரங்கத்துக்குள் வண்டி போனபோது அவராகவே சொன்னார்" என்று இல்லாள் கூறிய வரலாறு இது:

மூதாட்டி பிறந்தது மிஸிஸிப்பி மாகாணம். ஆறு வயதில் தாயாருடன் சிக்காகோவுக்கு ரயிலேறினார். அக்காலத்தில் தென் மாகாணங்களில் கறுப்பு இனத்தவருக்குத் தனி வண்டி. எஞ்சினுக்குப் பக்கத்தில், பாதி வண்டி மூட்டை முடிச்சுக்கு, மீதிப் பாதி இவர்களுக்கு. போஜன வண்டியில் இடம் கிடைக்காது என்று தாயார் செருப்புப் பெட்டி ஒன்றில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் கேக்கும் கட்டி எடுத்து வந்திருந்தாள். இரவில் வெள்ளையர் வண்டியில் கூட்டம் மிஞ்சிவிட்டது. கண்டக்டர் வந்து தாயையும் மகளையும் எழுந்திருக்கச் சொன்னார். பணம் கொடுத்து வாங்கிய இடம். ஆனால் மறுத்துப் பேச முடியாது. இரவு முழுவதும் கதவோரத்தில், தாயார் நின்றபடி. குழந்தை அந்தப் பெட்டிமேல் உட்கார முடியாமல் அதைக் கட்டிப் பிடித்தபடி. விடியற்காலையில் தாயார் சொன்னாளாம்: "உனக்கென்று ஓர் ஆசனம் கிடைக்கும் காலம் வரும், மகளே! அப்போது யார் சொன்னாலும் எழுந்திருக்காதே."

"அந்தப் பையனைப் பார்த்து எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை, குழந்தாய். ஆனால் கண்டக்டர் 'மாறிக்கொள்ளுங்கள்' என்றதும் என் காதில் என் தாயாரின் குரல்தான் கேட்டது" என்றாராம் மூதாட்டி.

நமக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. வெளியே கொலராடோ நதி சிவந்த பாறைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு மைலுக்கு மேல் ரயிலும் நதியும் கூடவே போகின்றன. உலகத்திலேயே அழகான காட்சிகளில் ஒன்று என்கிறார்கள். அன்று சிறிது நேரம் நாம் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

சரித்திரம் போதிக்கும் நமக்கு, அந்தக் கதையின் வேர் எங்கே என்பது தெரியும். 1892-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் வண்டியில் உட்கார்ந்தார். பார்வைக்கு அவர் வெள்ளையரைப் போலவே இருப்பார். ஆயினும், "நான் கறுப்பு இனத்தவன், எழுந்திருக்க மாட்டேன்" என்று வேண்டுமென்றே சொல்லிக் கைதியானார். அநியாயச் சட்டத்தை நீதி ஸ்தலத்தில் சோதிப்பதற்காக அவ்வூர்ப் பிரஜைகள் சிலர் கூடிச் செய்த ஏற்பாடு அது. ஆனால் 1896-ல் தேசத்தின் உச்ச நீதிமன்றம், 'தனித்தனி வண்டி இருந்தாலும் சம உரிமைக்குக் குறைவில்லை' என்று தீர்ப்பளித்தது. நீதிபதி ஹார்லன் ஒருவர்தான் அதற்கு மாறாக எழுதினார்.

பிளெஸ்ஸி கைதியாகிச் சரியாக ஒரு வருஷம் கழித்து, 1893-ம் வருஷம் அதே ஜூன் மாதம் அதே 7-ந் தேதி இரவு, தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த ஓர் இளம் பாரிஸ்டரை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளினார்கள். அவர் யாரென்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறியார். நடுவில் ஒரு மகா சமுத்திரம். ஆனால் இருவரையும் எழுந்திருக்கச் சொன்ன குரல் ஒன்றுதான்.

அமெரிக்காவில் அந்தக் குரல் அடங்க வெகு காலம் ஆயிற்று. படுக்கை வண்டிகளில் வேலை செய்த கறுப்பு இனத்துச் சிப்பந்திகளை, சொந்தப் பெயர் எதுவானாலும், 'ஜார்ஜ்' என்றே பிரயாணிகள் கூப்பிடுவார்களாம். அவர்களுக்கு 1925-ல் பிலிப் ராண்டால்ப் என்ற தலைவர் சங்கம் அமைத்தார். பன்னிரண்டு வருஷம் போராடி 1937-ல்தான் கம்பெனியின் கையெழுத்து வாங்கினார்கள். போஜன வண்டியில் கறுப்பு இனத்தவரைத் திரை போட்டு மறைத்து உட்கார வைப்பது தவறு என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாகாணம் விட்டு மாகாணம் போகும் ரயில்களில் தனி வண்டி கூடாது என்ற உத்தரவு 1955-ல் பிறந்தது. பிளெஸ்ஸி 1925-ல் இறந்தார். அவர் குற்றவாளி என்ற பெயர் நீங்கி மன்னிப்புக் கிடைத்தது எப்போது தெரியுமா? 2022-ம் வருஷம் ஜனவரி மாதம்!

மத்தியானம் மூதாட்டியும் காட்சி வண்டிக்கு வந்தார். நாம் எழுந்து நமது ஆசனத்தைக் காட்டினோம். "மறுபடியுமா? உமக்கு உட்காரவே பிடிக்காதா?" என்று அவர் கேட்டதும் மூவரும் சிரித்துவிட்டோம். இல்லாள் தகர டப்பாவைத் திறந்தாள். மூதாட்டி செருப்புப் பெட்டியைத் திறந்தார். இப்போது எந்த வண்டியிலும் எதையும் வாங்கிச் சாப்பிடலாம். ஆனாலும் ரயிலேறும்போதெல்லாம் தாயார் நினைவாக அந்தப் பெட்டியில்தான் உணவு கட்டுவாராம். புளியோதரையை வாயில் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "காரம் எங்கள் ஊர் மாதிரி இருக்கிறது!" என்றார். அவர் கொடுத்த கேக்கில் முட்டை இருக்குமென்று தெரிந்தும், நம் இல்லாள் ஒரு விள்ளலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டதை நாம் கண்டோம், காணாததுபோல் இருந்தோம்.

அன்றிரவு யூட்டா, நெவாடா பாலைவனங்களைத் தூக்கத்தில் கடந்தோம். வழியில் கடிகாரத்தை இரண்டு தடவை பின்னால் திருப்பி வைத்ததால், ஆயுளில் இரண்டு மணி நேரம் இனாமாகக் கிடைத்தது. அதைச் சரக்கு ரயில்கள் வட்டியோடு பறித்துக்கொண்டன. ஒவ்வொன்றும் ஒரு மைல் நீளம். அவை போகும் வரையில் நம் வண்டி ஓரமாகக் கைகட்டி நிற்கும். அரக்கோணத்துக்கு வெளியே சிக்னலுக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு, சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஸியரா நெவாடா மலை. மே மாதத்திலும் சிகரங்களில் வெண்பனி திட்டுத் திட்டாக இருந்தது. 1860-களில் இந்த மலையைக் குடைந்து ரயில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சீனத் தொழிலாளிகள். கருங்கல்லில் கையுளியால் துளை போட்டு, மருந்து வைத்து, பனிச் சரிவில் உயிர் கொடுத்து வேலை செய்தார்கள். 1869-ல் இரு கடற்கரைப் பகுதிகளையும் ரயில் இணைத்தது. 1882-ல் சீனத் தொழிலாளிகள் தேசத்துக்குள் வரக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். பாதை போட்டவர்களுக்கு ஆசனம் இல்லை! இதைச் சொன்னபோது மூதாட்டி வெகு நேரம் பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸாக்ரமென்டோவில் அவர் இறங்கினார். பிளாட்பாரத்தில் பேத்தியும், பேத்தியின் கைக்குழந்தையும் காத்திருந்தார்கள். டென்வரில் ஏறிய பையன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். அவரும் திரும்பி நின்று, அவன் பார்வையிலிருந்து மறையும் வரையில் கையை ஆட்டினார். வண்டி இரண்டாயிரத்து நானூற்று முப்பத்தெட்டு மைலை முடித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் தாமதமாக எமரிவில் போய்ச் சேர்ந்தது. மாணாக்கன் மாலையோடு வந்திருந்தான். மாலைதான் கொஞ்சம் வாடியிருந்தது.

ஊர் திரும்பியபின், ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறந்ததும், முதல் சரித்திர வகுப்பில் இந்த இரண்டு ஜூன் ஏழுகளையும் பற்றிச் சொல்லுகிறோம். போன வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், அந்தப் பாட்டி கடைசி வரை எழுந்திருக்கவே இல்லையா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றோம்.

"ஸாரை மட்டும் யாராவது கேட்டார்களா?"

யாரும் கேட்கவில்லை. நாமாகவே எழுந்தோம். நம்மை ஒருவரும் ஒருநாளும் எழுப்பியதில்லை. ஆகையால் நமக்கு எழுந்திருப்பது சுலபமாயிருந்தது. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க அன்று ஒரு மணி நேரம் போதவில்லை.

அதன்பிறகு ஒரு காரியம் செய்து வருகிறோம். வகுப்பில் ஒரு பிள்ளையை இடம் மாறி உட்காரச் சொல்ல நேர்ந்தால், காரணத்தைச் சொல்லி, அவன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் சொல்லுகிறோம்.